வாட்டர்லூ குதிரைப்படை: எதை வாங்கறது?

கேள்வி: வாட்டர்லூ போரை டேபிள்ல ஆடலாம்னு மினியேச்சர் குதிரைவீரர்களை சேர்க்க ஆரம்பிச்சிருக்கேன். பொம்மை உயரம் 28 எம்எம் நல்லதா, 15 எம்எம் நல்லதா? பிரிட்டிஷ் லான்சர் (ஈட்டி பிடிச்ச குதிரைவீரர்) செட் எங்க தேடியும் மாட்டல, ஏன்?

பதில்: மாட்டாதுங்க. 1815ல பிரிட்டிஷ் ராணுவத்துல லான்சர் ரெஜிமென்டே கிடையாது, பிரெஞ்சு ஈட்டிக்காரங்க கையால அடி வாங்கினப்புறம் 1816லதான் ஆரம்பிச்சாங்க. ஈட்டி ஆசை விடலன்னா ஜெர்மன் பிரன்ஸ்விக் நாட்டு ஊலான் (அவங்களும் ஈட்டிக் குதிரைவீரர்தான்) ஒரு ஸ்குவாட்ரன் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பக்கம் நின்னுச்சு, அதை வாங்குங்க. என்னைக் கேட்டா முதல்ல ஸ்காட்ஸ் கிரேஸ்ங்கிற பிரிட்டிஷ் குதிரைப்படை ரெஜிமென்ட், எல்லாமே சாம்பல் குதிரை, ஆனா ஒரே ஷேட்ல அடிச்சா சோப்புக்கட்டி மாதிரி இருக்கும், கொஞ்சம் ஏத்தி இறக்கி அடிங்க. எதிர்ல பிரெஞ்சு கியூராசியர் (கவசம் போட்ட குதிரைவீரர்) வைங்க, நெஞ்சுக்கவசத்துக்கு கறுப்பு அடிச்சு காஞ்சதும் மேல சில்வரை லேசா டிரை பிரஷ் பண்ணா (பிரஷ்ல பெயின்டை கிட்டத்தட்ட துடைச்சுட்டு மேலாப்புல தேய்ச்சா) போதும், அவங்க டிரம்பெட்காரருக்கு மட்டும் பெரும்பாலும் சாம்பல் குதிரைதான்.

சைஸா? பெயின்டிங் பிடிக்கும்னா 28, சின்ன டேபிள்ல பெரிய சார்ஜ் (குதிரைப்படைப் பாய்ச்சல்) வேணும்னா 15. ரெண்டையும் தயவுசெஞ்சு கலக்காதீங்க! மெட்டல் பொம்மைன்னா பேஸுக்கு அடியில காந்த ஷீட் ஒட்டி தகரப்பெட்டியில வைங்க, இல்லன்னா தூக்கிட்டுப் போறப்ப வாளெல்லாம் வளைஞ்சிடும்.