ஹைபிரிட் கார்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஹைபிரிட் காருக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஹைபிரிட் என்பது பெட்ரோல் எஞ்சினும், பேட்டரியில் இயங்கும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். சாதாரண ஹைபிரிட்டில் சார்ஜ் செய்ய இணைப்பே இருக்காது. பெட்ரோல் போட்டு ஓட்டுங்கள். பேட்டரியை எஞ்சினும் பிரேக்கும் பார்த்துக்கொள்ளும். பிளக்-இன் ஹைபிரிட் என்பது வேறு. அதில் பேட்டரி பெரியது, வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யலாம், குறைந்த தூரத்துக்குப் பெட்ரோலே இல்லாமல் போய் வரலாம். ஆனால் சார்ஜ் போடச் சோம்பல்படுபவர்கள் அதை வாங்கவே கூடாது. பெரிய பேட்டரியின் எடையைச் சும்மா சுமந்துகொண்டு திரிய வேண்டியதாகிவிடும்.

கேள்வி: பிரேக் பிடித்தால் மின்சாரம் வருமாமே, அது எப்படி?

பதில்: இந்தக் காரின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அதுவரை சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரைச் சக்கரம் சுழற்றத் தொடங்குகிறது. மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. அதைச் சுழற்றச் செலவாகும் விசையால் வண்டியின் வேகம் குறைகிறது, பேட்டரியும் ஏறுகிறது. சாதாரண பெட்ரோல் கார்களில் பிரேக் பிடிக்கும்போது இந்த ஆற்றல் பிரேக் தட்டில் வெறும் சூடாகிப் போகிறது.

அடுத்த முறை சிவப்பு விளக்கை நெருங்கும்போது டாஷ்போர்டைக் கவனியுங்கள். தூரத்திலேயே காலை எடுத்து மெதுவாகப் பிரேக்கை அழுத்தினால், முள் சார்ஜ் பகுதியிலேயே நெடுநேரம் நிற்கும். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் வழக்கமான பிரேக்கே பெரும் வேலையைச் செய்யும், ஆற்றலும் சூடாகிவிடும். ஒரே காரில் இருவருக்கு இருவேறு மைலேஜ் கிடைக்க இது ஒரு முக்கியக் காரணம். பிரேக் பேடுகள் நீண்ட நாள் உழைப்பது கூடுதல் லாபம்.

மலைச்சாலையில் இறங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. நீண்ட இறக்கத்தில் பேட்டரி, காரின் கணினி அனுமதிக்கும் அளவுவரை ஏறிவிட்டால் மேற்கொண்டு ஏற்ற இடமிருக்காது. கியர் லிவரில் ‘B’ நிலை (பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல) இருந்தால், அப்போது எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எனக்குப் பெரும்பாலும் நெடுஞ்சாலைப் பயணம்தான். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நின்று நின்று போகும் நகரச் சாலையில்தான் ஹைபிரிட் தன் முழுத் திறமையைக் காட்டும். சீரான வேகத்தில் போகும்போது பிரேக்கே பிடிப்பதில்லை, மீட்டெடுக்க என்ன இருக்கிறது? எஞ்சினே சிக்கனமானது என்பதால் ஓரளவு ஆதாயம் உண்டு. விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால், அந்த ஆதாயத்துக்காக மட்டும் வாங்கச் சொல்லமாட்டேன்.

கேள்வி: மேட்டில் திணறுமோ?

பதில்: திணறாது. பல ஹைபிரிட்களில் உள்ளது அட்கின்சன் வகை எஞ்சின். எரிபொருளை மிச்சப்படுத்தும், குறைந்த வேகத்தில் இழுவை சற்றுக் குறைவு. மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

கேள்வி: மைல்டு ஹைபிரிட்டும் இதுதானா?

பதில்: இல்லை. அதன் சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். பொதுவாக, தனியாகக் காரை ஓட்டாது.

கேள்வி: பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997-இல். இது நேற்று முளைத்த தொழில்நுட்பம் அல்ல. பேட்டரியை முழுதாக நிரம்பவும் விடாமல், காலியாகவும் விடாமல் கணினி இடைநிலையில் வைத்திருப்பதால் அதன் ஆயுள் நீள்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளை பின்சீட்டின் பக்கத்தில் இருக்கும். பையையோ போர்வையையோ வைத்து அதை அடைக்காதீர்கள். வடிகட்டி இருந்தால் தூசியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: சில வாரங்கள் நிறுத்தி வைத்த கார் இப்போது உயிர்பெறவே இல்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா, ஐயா?

பதில்: முதலில் 12 வோல்ட் சிறிய பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். காரின் கணினிகளை எழுப்புவது அதுதான்; நிறுத்தி வைத்தால் முதலில் இறங்குவதும் பெரும்பாலும் அதுதான். ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் நீங்களாகத் தொடவே வேண்டாம். அவற்றில் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.