மிசோரியின் ஜெர்மானியச் செங்கல் வீடுகளில் பின்கட்டடங்கள் தனித்தனியாக இருப்பது ஏன்?

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களின் பழைய செங்கல் வீடுகள் எப்படி அமைந்தன, கொல்லையில் அத்தனை சிறு கட்டடங்கள் எதற்கு என்பது கேள்வி. இதற்கு மிசோரி ஆற்றங்கரையில், பிலடெல்பியாவின் ஜெர்மானியக் குடியேற்றச் சங்கம் 1837-இல் நிறுவிய ஹெர்மன் என்ற ஊர் நல்ல சான்று.

அங்கே 1840-இல் கட்டப்பட்ட பொம்மர்-கென்ட்னர் வீடு, அன்றைய ஜெர்மானியச் செவ்வியல் பாணியில், இருபுறமும் ஒத்த அளவுகளோடு, அலங்காரத்தை அடக்கி எழுப்பப்பட்டது. புதுக் குடியேற்றம் என்றால் மரக்குடிசைதான் என்று எண்ணுவோருக்கு இந்த நிதானமான முகப்பு வியப்பளிக்கும். ஆனால் அதன் பின்னாலுள்ள சிறு களஞ்சியம் வேறு வகை: மரச்சட்டங்களை முளையடித்துப் பிணைத்து, இடைவெளிகளை அடைத்துச் சுவராக்கும் பழைய ஜெர்மானிய முறை அதில் தொடர்கிறது. தெருவை நோக்கிய வீட்டுக்குப் புதுப் பாணி, கொல்லைக்குப் பழக்கப்பட்ட தச்சுவேலை என்ற இந்தப் பிரிவினையே என் பார்வையில் மிகவும் சுவையானது.

தனிக் கட்டடங்களுக்குக் காரணம் பெரும்பாலும் நெருப்பும் வெப்பமும்தான். கோடைச் சமையலறை, குடியிருக்கும் அறைகள் சூடேறாமல் காத்தது. இறைச்சியைப் புகையூட்டிப் பதப்படுத்தும் அறையில், புகை உள்ளேயே தங்க வேண்டியிருந்ததால், சன்னல் வைப்பதில்லை. அதே ஊரின் ஸ்ட்ரேலி வீட்டிலோ அச்சகமும் திராட்சை மது தயாரிப்பும் நடந்தன. செதுக்குவேலை செய்த பழைய மதுப் பீப்பாய் ஒன்று இன்றும் அங்கே உள்ளது.