கரி பிடிக்கலைன்னா காற்றைப் பாருங்க

தம்பி, இங்கிலாந்து வந்து வாங்கிய பார்பிக்யூவில் கரி பிடிக்கவே மாட்டேங்குது, அரை பாட்டில் லைட்டர் திரவம் ஊற்றியும் அயிலை மீனில் மண்ணெண்ணெய் வாடைதான் ஏறுது என்று கேட்டிருந்தீங்க. களியக்காவிளைப் பக்கம் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) சில்லாட்டையும் (தென்னைப் பன்னாடை) செருகி மேலே சிரட்டை அடுக்கினால், அடுப்பு வாய் வழியாகக் காற்று தானாக ஏறும். இங்கே கரியைத் தட்டையாகப் பரப்பி மேலிருந்து கொளுத்துறீங்க. கோளாறு அங்கேதான்.

அந்தத் திரவத்தை விட்டுடுங்க. சிம்னி ஸ்டார்ட்டர் ஒன்று வாங்குங்க. கைப்பிடி வைத்த தகர உருளை, உள்ளே அடிப்பக்கம் ஒரு கம்பித் தட்டு, அவ்வளவுதான். தட்டுக்குக் கீழே செய்தித்தாள் இரண்டு தாள். பந்தாக இறுக்கினால் காற்றுப் புகாமல் பாதியில் கருகி நின்றுவிடும். தளர்வாகச் சுருட்டி, நடுவில் இடம் விட்டு வளையமாக வையுங்க. ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் தெளித்தால் தாள் கூடக் கொஞ்ச நேரம் நின்று எரியும். பளபளப்பான விளம்பரத் தாள் உதவாது. ஆறு அயிலைக்கு முக்கால் உருளை கரி போதும். பார்பிக்யூவுக்குள்ளேயே நிறுத்தி, அடித் துளைகள் வழியாக இரண்டு மூன்று இடத்தில் தீ வையுங்க.

முதலில் வெள்ளைப் புகை மண்டும். பயந்து விசிறவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம். சூடான காற்று மேலே போகப் போக, கீழிருந்து புதுக்காற்றை அதுவே இழுக்கும். மரக்கரிக்குச் சுமார் 15 நிமிடம், பிரிக்கெட்டுக்கு (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி) 20, 25 நிமிடம். மேல்வரிசைக் கரியின் ஓரத்தில் சாம்பல் பூத்ததும் தடித்த கையுறை போட்டுக் கொட்டுங்க. பார்பிக்யூவின் அடித் துவாரத்தைப் பழைய சாம்பல் அடைத்திருந்தால் இத்தனையும் வீண். அதை முதலிலேயே தட்டிவிடணும்.

இதற்கும் பிடிக்கலைன்னா கரி ஈரம். வாய் திறந்த பையைக் குளிர்காலம் முழுக்க ஷெட்டில் போட்டால் பிரிக்கெட் ஈரம் இழுத்து உதிர்ந்துவிடும். மூடியுள்ள வாளியில் வையுங்க.

கங்கு இருக்கும்போது திரவம் ஊற்றவே கூடாது. ஆவி பற்றி, தீ கையிலிருக்கும் பாட்டில் வரை ஏறும். மழை வந்தாலும் பார்பிக்யூவை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுபோகாதீங்க. அணைந்த மாதிரி தெரியும் கங்கும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

வாடகை வீட்டில் உள்ள கணப்பைப் பற்றியும் கேட்டீங்க. இங்கிலாந்தில் 2023 மே முதல் பழைய வீட்டு நிலக்கரி விற்பனைக்குத் தடை. அதற்குப் பதில் புகையில்லா எரிபொருள்தான் வாங்கணும். விறகு சாம்பல் மேலேயே எரியும். புகையில்லா எரிபொருளுக்கு அடிக்காற்று வேணும் என்பதால் ஒவ்வொரு முறையும் கணப்பின் கம்பித் தட்டைச் சுத்தமாகத் தட்டிவிட்டுப் பற்றவையுங்க. முதல் முறை பற்றவைக்கும் முன்னால் புகைபோக்கியை ஆள் வைத்துத் துடைக்கச் சொல்லுங்க. கணப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது வீட்டு ஓனர் பொறுப்பு. இல்லைன்னா இந்த வாரமே கேட்டு வாங்குங்க.