எதை மாற்றலாம், எதை விட முடியாது?

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மாடும் பன்றியும் சாப்பிடாத குடும்பம். மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே லம்பிரைஸ் (ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் வாழையிலைச் சோற்றுப் பொதி) செய்தேன். ஆட்டிறைச்சி மட்டும்தான் போட்டேன், அவித்த முட்டையும் வைத்தேன். ஓவன் இல்லாததால் சோறு, கறி எல்லாவற்றையும் சூட்டோடு வாழையிலையில் கட்டி அப்படியே கொடுத்தேன். என்னோடு வேலை செய்யும் பறங்கி அன்ரி ஒருவருக்கும் ஒரு பொதி கொண்டுபோனேன். "நல்லா இருக்கு பிள்ளை, ஆனா இது லம்பிரைஸ் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். முட்டையைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாகப் போய்விட்டது. எங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிச் செய்வது பிழையா? மாற்றினால் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாதா?

இன்னொன்று. முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பம் எனக்கு எப்போதும் ஓட்டை ஓட்டையாகவே வருகிறது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் கேட்டுத்தான் செய்கிறேன். அளவெல்லாம் அவர் சொன்னதேதான்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

அன்ரி சொன்னது சரி. ஆனால் முட்டையால் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பொதி நெருப்பைப் பார்க்கவில்லை. பிரச்சினை அங்கேதான்.

லம்பிரைஸில் சமையல் இரண்டு தரம் நடக்கிறது. முதலில் ஒவ்வொன்றும் தனித்தனியாக. இறைச்சி அவித்த தண்ணீரில் நெய்யும் ஏலமும் கறுவாவும் கராம்பும் போட்டு வேகும் சம்பாச் சோறு, மாடும் பன்றியும் ஆடும் சேர்ந்த கலப்பு இறைச்சிக் கறி, வினாகிரி சேர்த்த கத்தரிக்காய் மோஜு, சாம்பல் வாழைக்காய்க் கறி, சீனிச் சம்பல், கூனி இறாலை இடித்துச் செய்யும் பிளாச்சான், பிரிக்கடெல் என்கிற பொரித்த இறைச்சி உருண்டை. இவ்வளவும் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அப்புறம் இவற்றை வாட்டிய வாழையிலையில் பக்கம் பக்கமாக வைத்து, சோற்றின் மேல் ஒரு கரண்டி தேங்காய் முதற்பால் விட்டு, மடித்து, பொதியோடு ஓவனில் வைக்கிறார்கள். 180 பாகையில் 20 நிமிடம் போதும். அந்த நேரத்தில்தான் மோஜுவின் வினாகிரி பக்கத்துச் சோற்றுக்குள் இறங்குகிறது, பிளாச்சானின் முரட்டு வாடை தணிகிறது, இலையின் வாசம் சோற்றில் ஏறுகிறது. அது நடக்காவிட்டால் கையில் இருப்பது நல்லதொரு சோற்றுப் பொதி. சோற்றுப் பொதிக்குக் கொழும்பில் என்ன பஞ்சம், மத்தியானம் ஆனால் சந்திக்குச் சந்தி அடுக்கி வைத்திருக்கிறார்களே.

சரி, முட்டைக்கு வருவோம். 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் தும்முல்லையில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் லம்பிரைஸைத்தான் பலர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பொதிக்குள் அவித்த முட்டையைக் கண்டாலே முகம் சுளிக்கும் பறங்கிக் குடும்பங்கள் உண்டு. கோழி மட்டும் போட்டாலும் அதே சுளிப்புத்தான். எனக்கும் முட்டை வைப்பதில் விருப்பமில்லை, ஆனால் காரணம் வேறு. ஏற்கெனவே அவிந்த முட்டை இன்னும் 20 நிமிடம் சூட்டில் கிடந்தால் வெள்ளைக் கரு றப்பராகிவிடும், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை படியும். மகள் கேட்டால் தனியாக அவித்துப் பக்கத்தில் வையுங்கள்.

மாடும் பன்றியும் இல்லாமல் செய்தது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். ஒல்லாந்தர் 1656 முதல் 1796 வரை கொழும்பை வைத்திருந்தார்கள். ஆசியாவில் அவர்களுடைய தலைமையிடம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. இலையில் சோறு கட்டுவதும் இறால் சம்பலும் அந்தப் பக்கத்துப் பழக்கம். இறைச்சி உருண்டை ஒல்லாந்தருடையது. மோஜுவும் வாழைக்காய்க் கறியும் இந்த ஊர்க் குசினியில் சேர்ந்தவை. இப்படி நாலு இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்த சாப்பாட்டில் வெள்ளவத்தைத் தமிழ் வீடு ஒன்று மாட்டை எடுத்துவிட்டு ஆட்டை வைத்தால் குடி முழுகிவிடாது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பிஞ்சுப் பலாக்காய்க் கறியை வைத்துக்கூடச் செய்யலாம். சோயா இறைச்சி வைத்தும் விற்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை, அது என் நாக்கின் கோளாறாக இருக்கலாம்.

எந்த வீட்டுச் சமையலிலும் பொருள்கள் மாறிக்கொண்டுதான் இருக்கும். சந்தை விலை மாற்றும், மதம் மாற்றும், பிள்ளைகளின் பிடிவாதம் மாற்றும். ஆனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு பிடி இருக்கிறது. அதை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அது வேறு சாப்பாடு. காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் எங்கள் ஒடியல் கூழையே பாருங்களேன். நண்டு கிடைக்காவிட்டால் இறால், பலாக்கொட்டை இல்லாத காலத்தில் மரவள்ளி, முருங்கையிலை ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை. யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிக் கசப்பை இறக்கி, கடைசியில் கரைத்து விடுகிறோமே, அதற்குப் பதிலாக ஒருவர் அரிசிமாவைக் கரைத்துவிட்டு உங்களுக்குக் கூழ் என்று நீட்டினால் என்ன சொல்வீர்கள்? அந்த அன்ரியை விட மோசமாகச் சொல்வீர்கள். நானும் சொல்வேன்.

தென்பகுதிச் சிங்களவர்களின் புளிப்பு மீன் கறியான அம்புல் தியலில் பிடி, கொறக்காய் என்கிற புளிப்புக் காய். சூரை மீன் துண்டுகளில் அரைத்த கொறக்காயையும் மிளகையும் பிரட்டி, மண்சட்டியில் தண்ணீர் வற்றி உலரும்வரை வைப்பார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மீன் நாலைந்து நாள் கெடாமல் இருக்கச் செய்தது. பழப்புளி விட்டுக் குழம்பாக இறக்கினால் ருசியான மீன்குழம்பு கிடைக்கும், அவ்வளவுதான். பாற்சோற்றில் பிடி இன்னும் சின்னது: அரிசி வெந்த பிறகுதான் தேங்காய்ப்பால். முதலிலேயே பாலில் அரிசியைப் போட்டால் அடிப்பிடிக்கும், அரிசியும் அரைவேக்காட்டில் நிற்கும்.

சங்கடம் என்னவென்றால், பிறர் வீட்டுச் சமையலைப் படிக்கும்போது நாங்கள் அளவைத்தான் கேட்கிறோம். இந்தப் பிடியைக் கேட்பதில்லை. சொல்லித் தருகிறவருக்கும் அது கைப்பழக்கம், சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. உங்கள் வட்டலப்பத்துக்கு நடந்தது இதுதான். அளவில் பிழையில்லை. 6 முட்டைக்கு 250 கிராம் கருப்பட்டியும் ஒரு கோப்பை முதற்பாலும் என்றுதான் பெரும்பாலும் போடுவார்கள், உங்கள் அக்கா சொன்னதும் ஏறக்குறைய இதுவாகவே இருக்கும். நெருப்புத்தான் கூடிவிட்டது. முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80 பாகைக்குக் கிட்டவே இறுகிவிடும். நீங்கள் கீழே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் இறுகிய பிறகும் சூடு ஏறி, முட்டை சுருங்கி, உள்ளே இருந்த நீர் பிரிந்து வெளியேறும். அது விட்டுப்போன தடம்தான் அந்த ஓட்டைகள். சில வீடுகளில் ஓட்டை இருந்தால்தான் வட்டலப்பம் என்றும் சொல்வார்கள், அது அவர்கள் விருப்பம். உங்களுக்கு வழவழப்பாக வேண்டுமென்றால் கருப்பட்டியைக் கொஞ்சப் பாலில் கரைத்து நன்றாக ஆறவிடுங்கள். முட்டையை நுரைக்க அடிக்காமல் கலக்குங்கள். எல்லாவற்றையும் வடிகட்டி, ஏலமும் சாதிக்காயும் போட்டு, தண்ணீர் மெல்லச் சிலிர்க்கும் அளவு நெருப்பில் மூடி அவியுங்கள். மூடிக்கு உள்ளே ஒரு துணியைக் கட்டினால் ஆவித் தண்ணீர் சொட்டாது. நடுவில் இலேசாக ஆடும்போதே இறக்கிவிடுங்கள், ஆறும்போது இறுகும்.

கித்துள் மரத்துக் கருப்பட்டிதான் போட வேண்டும் என்று யாராவது சட்டம் பேசினால் காதில் வாங்க வேண்டாம். கித்துள் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சீனி கலந்த கட்டியைக் கித்துள் விலைக்கு வாங்குவதை விட, ஊரிலிருந்து யாரும் கொண்டுவரும் பனங்கட்டியைப் போடுங்கள். அதில் ஓர் உப்புக் கரிப்பு இருக்கும், தேங்காய்ப்பாலோடு மிக நன்றாகச் சேரும். கொழும்பு மலாய் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அதைக் கொடுத்துப் பாருங்கள், வட்டலப்பம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓட்டையைத்தான் பார்ப்பார்கள்.

இனி ஓவன். அதற்காக வாங்க வேண்டியதில்லை. பிபிக்கன் என்கிற தேங்காய்ப்பூக் கேக் போன்றவற்றை முன்பு சட்டியில் வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டி, மேலும் கீழும் சூடு படச் செய்தார்கள். 2022இல் காஸ் இல்லாமல் கொழும்பே வரிசையில் நின்றபோது தொடர்மாடி பல்கனிகளில் கரி அடுப்புப் புகைந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள், தணல் கைக்கெட்டாத சாமான் இல்லை. ஆனால் மாடி வீட்டில் எனக்கு அது பயம். கனமான அடியுள்ள பெரிய சட்டியைத் தண்ணீர் விடாமல் 10 நிமிடம் சிறு நெருப்பில் சூடாக்கி, உள்ளே ஒரு கம்பித் தட்டை வைத்து, பொதிகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் அடுக்கி, இறுக்க மூடி, அரை மணி நேரம் விடுங்கள். இடையில் ஒருமுறை திருப்புங்கள். இடியப்பச் சட்டியில் ஆவியில் வைக்காதீர்கள், சோறு குழையும், இலையும் வேறு மாதிரி மணக்கும். பொதியைச் சுற்றி ஈயத்தாளும் வேண்டாம், இலையிலேயே சூடு படவேண்டும்.

பெயருக்கு என் பதில்: பொதியை இப்படி வேகவைத்தால் ஆட்டிறைச்சி லம்பிரைஸ் என்று தைரியமாகச் சொல்லுங்கள். வேகவைக்காவிட்டால் சொல்லாதீர்கள். அன்ரிக்கு இன்னொரு பொதி கொண்டுபோகும்போது அவர் வீட்டுப் பிளாச்சானில் தேங்காய்ப்பூ எவ்வளவு வறுக்கிறார்கள் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள். ஒரு வீட்டில் சொல்வதை அடுத்த வீட்டில் ஒப்புக்கொள்ளாத விஷயம் அது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். சீனிச் சம்பலையும் பிளாச்சானையும் முதல் கிழமையே செய்து போத்தலில் போட்டு வைக்கலாம். மோஜு முதல் நாள். கத்தரிக்காயை நல்ல மண்ணிறமாகும்வரை பொரித்து எண்ணெயை வடியவிட்ட பிறகுதான் வினாகிரியும் கடுகும் சீனியும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் இலை வழியே ஒழுகும்.

அன்புடன்,
அக்கா