பழைய ரப்பர் ஸ்டோரில் விருந்தினர் அறைகள்: நில அலுவலக நோட்டீஸுக்கு என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம், 1960களில் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது தாத்தா வாங்கிய 4 ஏக்கர் ரப்பர் நிலம் எங்களுடையது. கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) அப்பா, பெரியப்பா இருவர் பெயரும் பாதிப் பாதியாக இருக்கிறது. அப்பா இறந்த பிறகு பெயர் மாற்றவில்லை. ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட பழைய ஸ்டோரை என் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணம் 120,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டு நான்கு அறைகளாக்கி, விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறேன். நகராண்மைக் கழக லைசென்ஸும் உண்டு. பெரியப்பா மகன் பொறாமையில் புகார் கொடுத்ததால், அப்பா பெயருக்கு நில அலுவலகத்திலிருந்து 7ஏ பாரம் (நில நிபந்தனை மீறலைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ்) வந்திருக்கிறது. கிராண்டில் நிலப் பயன்பாட்டு வகை என்ற இடம் காலி. அப்படியானால் தடை எங்கே? பக்கத்து நிலத்துக்காரரும் இதையேதான் செய்கிறார். புகார் கொடுத்த அந்த அண்ணன் மேல் வழக்குப் போடலாமா? வீட்டில் நானும் தங்கையும் அம்மாவும்தான்.

பதில்: வழக்கு நிற்காது. உள்ளதை உள்ளபடி நில அலுவலகத்தில் சொன்னவரை நீதிமன்றம் ஒன்றும் செய்யாது. அவர் மனதில் பொறாமை இருந்ததா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பக்கத்து நிலத்துக்காரரை விட்டுவிடுங்கள். அவருக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பிரச்சினை அந்தக் காலி இடம். அதைப் பார்த்து "தடை எதுவும் இல்லை" என்று நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தேசிய நிலச் சட்டம் 1.1.1966-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கொடுக்கப்பட்ட, பட்டண எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தில் வகை எதுவும் எழுதப்படாவிட்டால், அது விவசாயத்துக்கு மட்டுமே என்ற நிபந்தனையை 53-ஆம் பிரிவு தானாகவே சேர்த்துவிடுகிறது. உங்கள் கிராண்ட் அந்தக் காலத்துக் கிராண்ட் என்றால் நிபந்தனை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விவசாய நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கலாம்; நாள் வாடகைக்கு விருந்தினரை ஏற்றுவது குடியிருப்பு ஆகாது. லைசென்ஸ் வியாபாரத்துக்குத்தான், நில நிபந்தனையை அது மாற்றாது. போதாததற்கு, ஸ்டோரைத் தங்கும் இடமாக மாற்றத் திட்ட அனுமதியும் வாங்க வேண்டும். அதில்லாமல் செய்தால் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி 500,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் இறந்துபோன அப்பா பெயருக்கு வந்திருக்கிறது. "அவர்தான் இல்லையே, இது செல்லாது" என்று அதை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் நில அலுவலகம் எழுதும். 7ஏ கொடுத்த கெடுவுக்குள் மீறலைச் சரிசெய்யாவிட்டால், காரணம் கேட்டு 7பி வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் நிலம் பறிமுதல் வரை போகலாம். பறிமுதலானால் முழு 4 ஏக்கரும் மாநில அரசுக்குப் போய்விடும். கட்டடமும் அதோடு போகும்; இழப்பீடு ஒரு காசும் இல்லை. பெரியப்பாவின் பாதியும் சேர்ந்தே போகும். 500 வெள்ளிக்குக் குறையாத அபராதம், மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 100 வெள்ளிக்குக் குறையாத அபராதம் என்று முடிவதும் உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பறிமுதலை எதிர்க்க வேண்டுமென்றால், உத்தரவு தெரிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

இன்னொரு பள்ளம், தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவில் நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கூடவே வியாபாரத்தையும் தொடர்வது. விண்ணப்பம் போடுவது அனுமதி ஆகாது. இன்றே விருந்தினரை நிறுத்துங்கள். இணையத்தில் போட்ட விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், பெயர்ப் பலகையைக் கழற்றுங்கள். பயன்பாடு நின்றுவிட்டது என்று படங்களோடு எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கி வையுங்கள்.

சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கணக்கைச் சொல்கிறேன். அப்பா உயில் எழுதாமல், தாத்தா பாட்டிக்குப் பிறகு இறந்திருந்தால், 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி அவர் பாதியில் மூன்றில் ஒன்று அம்மாவுக்கு. மீதி உங்களுக்கும் தங்கைக்கும். அதாவது முழு நிலத்தில் உங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. 120,000 வெள்ளியை நீங்கள் அதில்தான் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயர் இன்னும் கிராண்டிலேயே இல்லை. எனவே அப்பாவின் பங்கை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் சிறிய சொத்துப் பங்கீட்டு மனுவை நில அலுவலகத்தில் உடனே போடுங்கள். நிபந்தனையை மாற்ற எல்லா உரிமையாளரின் கையெழுத்தும் வேண்டும். நீங்கள் சண்டை போடும் அண்ணனின் கையெழுத்து இன்று தேவையில்லை. பெரியப்பாவின் கையெழுத்துதான் தேவை. அவர் காலத்துக்குப் பிறகு அவர் வாரிசுகள் ஒவ்வொருவரின் கையெழுத்தும் தேவைப்படும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். நிலத்தைப் பிரித்து, ஸ்டோர் உள்ள பக்கத்தை நீங்களும் அம்மாவும் தங்கையும் எடுத்துக்கொண்டு, சாலையோரத்தைப் பெரியப்பாவுக்கு விட்டுவிடுவதே நல்லது. பிரித்த விவசாயத் துண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது. 4 ஏக்கரில் அது சிக்கல் இல்லை. அளவைச் செலவையும் நிபந்தனை மாற்றத்துக்கு அரசுக்குக் கட்டும் பிரிமியத்தையும் நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். சாலையோரத்தை விட்டுக்கொடுப்பது வலிக்கும், தெரியும். ஆனால் பிரித்த பிறகு உங்கள் துண்டுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

அம்மாவை அழைத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போங்கள். வக்கீல் கடிதம் எதுவும் வேண்டாம், புகார்ப் பேச்சும் வேண்டாம். நோட்டீஸைக் காட்டி, அவர் பாதியும் அதே கிராண்டில்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் சரி என்றால் வாய்ப்பேச்சோடு விடாமல், அந்த வாரமே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.