புயலில் சாய்ந்த பாய்மரப் படகு: நகையை அடகு வைத்துப் பழுது பார்க்கலாமா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் 9 லட்சம் ரூபாய்க்குப் பழைய பைபர் பாய்மரப் படகு வாங்கினேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையேற்றி, யார்டில் இரும்பு ஸ்டாண்டு மேல் நிறுத்திவைப்பேன். இந்த முறை புயல் காற்றில் ஸ்டாண்டோடு சாய்ந்துவிட்டது. பக்கவாட்டில் விரிசல், மாஸ்ட் (பாய் கட்டும் கம்பம்) வளைந்துவிட்டது. பழுது பார்க்க 4.2 லட்சம் கேட்கிறார்கள். பிரீமியம் குறையட்டுமே என்று 6 லட்சத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தேன். என் மாஸ்ட் பட்டுப் பக்கத்துப் படகும் அடிவாங்கியதால், அதன் உரிமையாளர் 70,000 ரூபாய் கேட்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்து வேலையை முடித்துவிட்டு, பிறகு கிளெய்ம் செய்யலாமா? இந்த நஷ்டத்தை வருமான வரியில் காட்ட முடியுமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் சொல்லும் வரிசையே தலைகீழ். சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் பழுது பார்த்துவிட்டால், எது புயலால் வந்த சேதம், எது பழைய தேய்மானம் என்று பிரிக்க வழியில்லாமல் போகும். அந்தச் சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது.

இன்றே கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். படகை நிமிர்த்தும் முன், விழுந்த நிலையிலேயே போட்டோ எடுங்கள். ஸ்டாண்டின் கால், கட்டியிருந்த கயிறு, தரையில் ஊன்றிய இடம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். 'ஸ்டாண்டு துருப்பிடித்திருந்ததா, மாஸ்டை ஏன் இறக்கி வைக்கவில்லை' என்ற கேள்விகள் நிச்சயம் வரும். வானிலை மையம் அன்று வெளியிட்ட புயல் அறிவிப்பையும் சேர்த்து வையுங்கள். அதற்காகப் படகை மழையில் அப்படியே விடவும் கூடாது. விரிசலைத் தார்ப்பாய் போட்டு மூடுவது, உள்ளே தேங்கிய தண்ணீரை இறைப்பது போன்றவை சேதம் பெருகாமல் தடுக்கும் வேலைகள். அவற்றைச் செய்வது பாலிசிதாரரின் கடமை. பில்லைப் பத்திரப்படுத்தினால் அந்தச் செலவையும் கேட்கலாம்.

4.2 லட்சம் என்பதை முடிவான தொகையாக நினைக்காதீர்கள். கீல் (படகு கவிழாமல் இருக்க அடியில் பொருத்தும் கனமான தகடு) உள்ள படகு பக்கவாட்டில் விழுந்தால், கீல் பொருந்தும் இடத்தில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். பிரித்துப் பார்த்தபின் தொகை கூடினால் கூடுதல் மதிப்பீடு தருவேன் என்று சர்வேயரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

இனி பணக் கணக்கு. பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கரையில் நிறுத்தியிருக்கும் காலத்துக்குக் கவரேஜ் உண்டா, 6 லட்சம் என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பா. ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் பிறகு சந்தை விலையைக் காட்டிக் கம்பெனி குறைக்க முடியாது. அப்படி இல்லையென்றால், குறைத்துக் காப்பீடு செய்த பங்குக்கு நீங்களே பொறுப்பு. படகின் மதிப்பு இன்றும் 9 லட்சம் என்று சர்வேயர் சொன்னால், 4.2 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2.8 லட்சம்தான் கிடைக்கும். அதில் நீங்கள் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை 25,000 என்று வைத்தால் கைக்கு வருவது 2.55 லட்சம். பாய், கயிறுகளுக்குத் தேய்மானமும் பிடிக்கலாம். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம்பிடித்து லட்சத்தில் இழப்பதை வீட்டுக் காப்பீட்டிலும் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆக, துண்டு விழுவது சுமார் 1.65 லட்சம். பொழுதுபோக்குப் பொருளுக்காக வட்டிக் கடன் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளெய்ம் பணத்தில் விரிசலையும் கீலையும் முடியுங்கள். மாஸ்ட் அடுத்த சீசன் வரை காத்திருக்கட்டும். மாதம் 15,000 ஒதுக்கினால் பதினோரு மாதத்தில் இந்தத் தொகை சேர்ந்துவிடும். 'இதற்குப் புதுசே வாங்கலாமே' என்று யாராவது சொன்னால், உல்லாசப் படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

பக்கத்துப் படகுக்காரருக்கு வாட்ஸ்அப்பில்கூட 'தருகிறேன்' என்று எழுதிவிடாதீர்கள். புயல் தள்ளி விழுந்ததாலேயே நீங்கள் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. உங்கள் கவனக்குறைவை அவர் காட்ட வேண்டும். அவருடைய கோரிக்கையை எழுத்தில் வாங்கி உங்கள் கம்பெனிக்கு அனுப்புங்கள். மூன்றாம் நபர் பொறுப்புக் கவரேஜ் இருந்தால் அவர்களே அதைக் கையாள்வார்கள். கம்பெனியைக் கேட்காமல் நீங்கள் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

கிளெய்மை மறுத்தாலோ, நியாயமில்லாமல் குறைத்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரையிலான புகார்களை விசாரிப்பார்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டைத் தாண்ட விடக் கூடாது.

வரி விஷயம் சுருக்கமானது. சொந்த உபயோகத்துக்கான படகு மூலதனச் சொத்தில் சேராது. அதனால் நஷ்டத்தை எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. கிளெய்ம் பணத்துக்கும் வரி இல்லை. படகை வாடகைக்கு விட்டு வருமானம் காட்டியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது ஆடிட்டரைப் பாருங்கள்.