தோல் வறட்சி, கண் வறட்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் கிணறு உவர். குளித்துக் கொஞ்ச நேரத்திலேயே கால் வெள்ளை பிடித்து வெடிக்கிறது. (வேலணை)

உவரோ நன்னீரோ, எங்கள் யாழ்ப்பாணக் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது; நுரைக்கவில்லை என்று இன்னும் தேய்ப்போம்; அந்தப் படிவு தோலில் தங்கி அரிக்கும். சவர்க்காரம் கமக்கட்டு, கவடு, பாதத்துக்குப் போதும். துவாயால் ஒற்றி, ஈரம் காயமுன், மூன்று நிமிடத்துக்குள் வசலின் பூசுங்கள். வெடித்த குதிக்காலுக்கு இரவில் 10 வீத யூரியா கிறீம். புண் இருந்தால் அது எரியும். ஆறும்வரை வசலின் மட்டும்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பூசலாம். ஈரத் தோலில்.

பார்மசியில் தந்த கிறீம் மூன்று நாளில் சுகமாக்கியது. விட்டால் திரும்ப வருகிறது. மூன்று மாதமாக முகத்துக்குப் பூசுகிறேன். பெயர் ஞாபகமில்லை. (கோப்பாய்)

பெயர் தெரியாத மருந்தை முகத்தில் மூன்று மாதமா? டியூப்பை எடுத்து வாசியுங்கள். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட். வைத்தியர் துண்டு எழுதாமல் அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அரிப்பைச் சட்டென்று அடக்கும். அதனால்தான் எல்லாரும் நம்புகிறார்கள். நாள்போகத் தோல் மெலியும், சிவப்பாக இரத்தக்குழாய் தெரியும், பரு வரும். படர்தாமரைக்குப் பூசினால் அது மறைந்திருந்து பரவும். இமையோரம் பூசினால் கண் அழுத்தம் கூடலாம். கண் சிவப்புக்கென்று கேட்டு வாங்கும் டெக்சாமெதசோன் சொட்டும் இதே ஆபத்துத்தான்: கண் அழுத்தம் கூடி, நோவில்லாமலே பார்வை நரம்பு பழுதாகலாம். நீங்கள் கிறீமைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். டியூப்பையும் கொண்டு இந்தக் கிழமையே தோல் வைத்தியரிடம் போங்கள்.

கண்ணில் மண் விழுந்தமாதிரி உறுத்துகிறது, ஆனால் தண்ணீர் வழிகிறது. இது வறட்சியா?

பெரும்பாலும் ஆம். இமை விளிம்பில் சுரக்கும் எண்ணெய் குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும்; உறுத்தலுக்குக் கண் வெறும் தண்ணீரைக் கொட்டும். இளஞ்சூட்டுத் துணியை மூடிய கண்ணில் பத்து நிமிடம் வையுங்கள். சூடு ஆறினால் மாற்றுங்கள். பிறகு இமையை மயிர்ப்பக்கமாக மெல்ல நீவுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு நாளுக்கு நாலு தரம். அதற்குமேல் தேவையென்றால் பதனப்பொருள் (கெடாமலிருக்கச் சேர்ப்பது) சேராததை வாங்குங்கள். திறந்த போத்தலை ஒரு மாதத்தில் எறியுங்கள். சோளகக் காற்றில் மோட்டார் சைக்கிள் ஓடினால் கண்ணாடி போடுங்கள்.

முழுகும்போது கண்ணுக்கு நல்லெண்ணெய் விடலாமா?

வேண்டாம். தாய்ப்பாலும் வேண்டாம்.

கண்ணும் வாயும் வறள்கின்றன. என்ன சொட்டு விடலாம்?

வயதும் எழுதவில்லை, குடிக்கும் குளிசையும் எழுதவில்லை. தும்மலுக்குக் குடிக்கும் பிரிட்டன் (Piriton) குளிசைகூட இரண்டையும் வறட்டும். குளிசை எதுவும் இல்லாமல் மூட்டு நோவும் சேர்ந்திருந்தால் சொட்டோடு நிற்காதீர்கள். ஸ்யோகிரன் நோயா (உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) என்று இரத்தம் சோதிக்க வேண்டும்.